கடுகு அம்மா வேகவைத்த பல் ரப்பர்

எங்கள் ஹாக்கி மைதானத்தில் பெற்றோர்கள் நிற்பதற்கென்று ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கயிறு வந்ததற்கு முழுக் காரணம் நான்தான். என் மகள் அணியில் சேர்ந்த புதிதில், திரும்பு, ஓடு, அடி என்று கத்திக்கொண்டே பாதி மைதானம் வரைக்கும் போய்விட்டேன். நடுவர் ஊதிய விசில் யார் காதிலும் விழவில்லையாம். நான் பேருந்து ஓட்டுகிறவன், சத்தம் போடாமல் எனக்கு எதுவும் நகர்ந்ததில்லை. அடுத்த வாரம் கயிறு வந்தது, பிள்ளைகள் எனக்கு ஹாரன் மாமா என்று பெயரும் வைத்தார்கள்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் எங்களைப் பார்த்தால் ஏதோ தண்டனை அனுபவிக்கிறவர்கள் மாதிரி இருக்கும். சனிக்கிழமை காலை எட்டு மணி. ஊரே போர்வைக்குள் இருக்க, நாங்கள் மட்டும் காயாத காலுறைகளின் நாற்றத்தோடு நிற்போம். பிள்ளை ஆசைப்பட்டாளே என்று ஒரு மட்டை வாங்கிக் கொடுத்தோம், அவ்வளவுதான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். முழங்கால் பட்டை, கையுறை, மழைக்கு ஒரு காலணி, வெயிலுக்கு ஒரு காலணி, வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, ஒரு நாள் ஆட்டம். எனக்கு வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை, அதுவும் இதற்கே போகிறது. யாராவது இதைச் சந்தோஷம் என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் கடுகு அம்மாவுக்கு முன்னால் நான் அசதி என்று சொன்னால் அது அநியாயம்.

கடுகு என்பது அவள் மகள். ஒன்பது வயது, அணியிலேயே உயரம் குறைவு, மட்டை நெஞ்சு வரைக்கும் வரும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நான்தான் ஒரு நாள் சொன்னேன், பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அவள் அம்மா கடுகு அம்மா ஆகிவிட்டாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில். அறுவை சிகிச்சைக்குப் போய்வரும் கத்தரி, கிடுக்கி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவற்றைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, இரண்டு சுற்றுத் துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். உள்ளே சூடு சரியாக ஏறினால் பொட்டலத்தில் ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடு விழும். அந்தப் பட்டையின் மேல், கட்டியவர் தன் பெயரின் இரண்டு எழுத்தை எழுத வேண்டும். மேலே அறுவை அறையில் ஒரு கத்தரி குறைந்தால் அந்த இரண்டு எழுத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பதினொரு வருஷத்தில் அவளை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முதுகு நிமிரும்.

வாரத்தில் நான்கு நாள் இரவு வேலை, அந்த இரவுகளில் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து மகளுக்குத் துணை படுப்பாள். கணவன் கப்பலில், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான், வந்தால் மகளை எல்லாப் பயிற்சிக்கும் தோளில் தூக்கிக்கொண்டு போவான், பிறகு போய்விடுவான். மிச்ச நாளெல்லாம் இவள்தான். சனிக்கிழமை காலை ஆறரைக்கு வேலை முடிந்து, வீட்டுக்குப் போய், மகளைக் கிளப்பிக்கொண்டு மைதானத்துக்கு வருவாள். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க் வெந்நீர். காப்பி குடித்தால் பகலில் தூக்கம் போய்விடும் என்று வெந்நீர்தான் குடிப்பாள்.

போன மாதம் அவளே சொன்னாள். “இந்த சீசனோட போதும்ணே. என்னால முடியல.”

மகளிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். அடுத்த சீசனுக்குத் தொடர்கிறவர்களின் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்று வரும், அது கைக்கு வருகிற சனிக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றாள்.

அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்லப்போகிறேன்.

கடுகு அந்த சீசன் முழுக்க மாற்று ஆட்டக்காரி. கடைசி இரண்டு நிமிடம் இறக்குவார்கள், பந்து அவள் பக்கம் வருவதற்குள் விசில் ஊதிவிடும். அந்த வாரம் வலது ஓரத்தில் ஆடும் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. சனிக்கிழமை முதல் விசிலிலிருந்து நீதான் ஆடப்போகிறாய் என்று வியாழக்கிழமை கோச் மேடம் கடுகிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை என் பேருந்தில் ஏறியவள் எனக்கும், எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத இரண்டு பேருக்கும் அதைச் சொன்னாள். இரவு ஜெர்சியைப் போட்டுக்கொண்டே தூங்கினாளாம்.

கோச் மேடம் வார நாட்களில் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். மைதானத்திலும் அதே ஆள்தான். அவர் சட்டம் இரண்டு. பையைப் பிள்ளைதான் கட்ட வேண்டும், பெற்றோர் கை வைக்கக் கூடாது. ஏதாவது மறந்துவிட்டு வந்தால் மூன்று சுற்று ஓட்டம், அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

சனிக்கிழமை காலை கடுகு குளித்துக்கொண்டிருந்தபோது, வேலையிலிருந்து வந்த அம்மா அந்தப் பையைத் திறந்தாள். உள்ளே பல் ரப்பர் இருந்த டப்பா. மவுத் கார்டு என்பார்கள், பந்து பட்டுப் பல் போகாமலிருக்க வாய்க்குள் மாட்டிக்கொள்வது, பிள்ளைகளுக்கு அது பல் ரப்பர். அது இல்லாமல் நடுவர் யாரையும் உள்ளே விடமாட்டார். டப்பாவைத் திறந்ததும் ஒரு வாடை. இராத்திரி முழுக்க கிருமியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவளால் அதை எப்படித் தாங்க முடியும்? இன்றைக்கு முழு ஆட்டம், பிள்ளை வாயில் போகிற சாமான், ஒரு கொதி விட்டுவிடலாம் என்று பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதைப் போட்டாள். போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தெரியும்.

அந்த ரப்பர் வெந்நீரில் இளகி, கடித்தால் பல்லின் வடிவம் பிடிக்கும் சாதி. இருபது நொடிக்கு மேல் போகக் கூடாது. அதை முதலில் வாங்கியபோது கோச்சே எல்லாப் பெண்களுக்கும் மொத்தமாகச் செய்துகொடுத்துவிட்டார். காகிதத்தில் எழுதியிருந்ததை இவள் பார்த்ததே இல்லை. கடுகு வந்து எழுப்பியபோது தண்ணீர் சுண்டி, ரப்பர் வாடிய மிளகாய் மாதிரி சுருண்டு கிடந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்குப் பதினொரு வருஷம் கழித்து, அதுவும் தன் வீட்டு அடுப்படியில் சறுக்கியது.

கடுகு அழவில்லையாம். சுருண்டதை டப்பாவில் போட்டு, பையை மூடி, வாம்மா நேரமாச்சு என்றாளாம்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் அன்று கண்டது கடுகு தன்னந்தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடியதைத்தான். மூன்று சுற்று. பிறகு போய் மாற்று ஆட்டக்காரிகள் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியது, வலது ஓரத்தில் வேறொருத்தி நின்றாள். என் மகள் ஓடிவந்து காரணம் சொல்லிவிட்டுப் போனாள். அதை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கடுகு அம்மாவிடம் நான் சொன்னேன்.

“உங்க பொண்ணு பல் ரப்பரை வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துடுச்சாமே தங்கச்சி.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. “மறந்துட்டேன்னா சொன்னா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்போதுதான் அடுப்படிக் கதை முழுவதையும் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள் அந்தப் பொடிசு. சொல்லி முடித்துவிட்டு, நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

“அது சுருண்டு கிடக்கறதப் பாத்ததும் எனக்கு மொதல்ல என்ன தோணிச்சு தெரியுமாண்ணே? அப்பாடா, இன்னைக்குப் போக வேணாம், படுத்துக்கலாம்னு தோணிச்சு. நான்லாம் ஒரு தாயா?”

மகளுக்குக் காய்ச்சல் என்று பயிற்சி தள்ளிப்போன நாட்களில் நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

முதல் பாதி முடிவதற்குள் எங்கள் அணி இரண்டு கோல் வாங்கியிருந்தது. கடுகு அம்மா எழுந்தாள். குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். எனக்காகக் கட்டிய கயிறு அது, அந்த வருஷம் முழுக்க நானே தாண்டாதது. நேராகப் போய் கோச் மேடம் முன்னால் நின்றாள். காது எனக்கு நீளம், எல்லாம் கேட்டது.

“அவ மறக்கல மேடம். நான்தான் பையத் தொறந்தேன். கொதிக்க வச்சுட்டுத் தூங்கிட்டேன். தப்பு என் பேர்ல.”

கோச் கடுகைப் பார்த்தார். கடுகு தன் காலணியைப் பார்த்தாள். ராத்திரி வேலையா என்று கோச் கேட்டார். ஆமாம் என்றாள் இவள். ஆட்டத்தில் யாருடையதாவது கிழிந்தால் கொடுப்பதற்காக முதலுதவிப் பெட்டியில் ஒரு புது ரப்பர் இருக்கும். மறந்தவர்களுக்கு அது கிடையாது. கோச் அதை எடுத்து நீட்டிவிட்டு, “பொய் சொன்னதுக்கு மூணாவது கால்பகுதியும் அவ ஒக்காரணும். கடைசி பத்து நிமிஷம் எறக்கறேன்” என்றார். முத்திரை குத்தியாயிற்று.

கடுகு அம்மா திரும்பி வந்து உறையிலிருந்த காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிளாஸ்க் மூடியில் வெந்நீரை ஊற்றி விரல் நுனியால் சூடு பார்த்தாள். ரப்பரைப் போட்டு இருபது வரை எண்ணினாள், எண்ணும்போது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, கயிற்றுக்கு அப்பால் வந்து நின்ற மகளின் வாயில் வைத்து, கன்னத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தாயும் மகளும் அப்படியே நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கடுகு வாயில் ரப்பர் இருந்தது, அம்மாவுக்கு என்ன தடை என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிப் பகுதி தொடங்கியபோது மூன்றுக்குப் பூஜ்யம். கடுகு உள்ளே போனாள். முதல் ஐந்து நிமிடம் பந்தின் வாசனைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. வேகமாக ஓடினாள், தவறான இடத்துக்கு ஓடினாள், ஒரு தடவை சொந்த அணிக்காரியின் மட்டையிலேயே இடித்துக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என் மகள் பின்னாலிருந்து ஒன்று தள்ளிவிட்டாள். கூட்டத்தில் பட்டுத் தெறித்து அது கடுகின் காலடிக்கு வந்தது. நிறுத்தினாள். தள்ளினாள். அதை அடித்தாள் என்று சொல்ல மாட்டேன், பொய் ஆகிவிடும். பந்து கோல்காரியின் கால் பட்டையில் பட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு, நடந்து போவது மாதிரி போய்க் கோட்டைத் தாண்டியது.

நான் மூச்சை இழுத்தேன். மூன்று தெருவுக்குக் கேட்கும்படி ஒன்று வைத்திருந்தேன்.

கடுகு அதற்குள் கயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் பார்த்த இடத்தில் நானும் பார்த்தேன். மடக்கு நாற்காலியில் அவள் அம்மா, தலை மார்பில் தொங்க, மடியில் பிளாஸ்க், வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம். நடுவர் கோலுக்கு ஊதிய விசிலுக்கே அசையவில்லை. நான் எழுப்பக் கையை நீட்டினேன். கடுகு என்னைப் பார்த்து, கையுறை போட்ட விரலை உதட்டில் வைத்தாள்.

ஹாரன் மாமா வாயை மூடினான். பக்கத்தில் கைதட்டப் போனவர்களையும் நான்தான் அடக்கினேன்.

ஆட்டம் மூன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. எல்லோரும் மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் விழித்தாள். எதிரே கடுகு, முட்டியெல்லாம் மண். இவள் பதறிப்போய் எழுந்தாள்.

“பாத்தியாம்மா?” என்று கடுகு கேட்கவில்லை. அம்மாவே சொன்னாள். “நான் பாக்கலடி. தூங்கிட்டேன்.”

“தெரியும். ஒரு கோல் போட்டேன்.”

கடுகு அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். சத்தமில்லாமல், அசதியிலே அழுகிறவர்கள் அழுவது மாதிரி, துடைக்கக்கூடத் தெம்பில்லாமல் அழுதாள். எழுப்பியிருக்கலாமே அண்ணே என்று என்னிடம் கேட்டாள். நான் கடுகைப் பார்த்தேன்.

“நான்தான் வேணாம்னேன். நீ தூங்கிக்கோம்மா” என்றாள் அவள், வாயிலிருந்து ரப்பரை எடுத்து டப்பாவில் வைத்துக்கொண்டே. “நீ வந்தா போதும்.”

அந்த நேரம் பார்த்து கோச் மேடம் அட்டையில் செருகிய தாளோடு வந்தார். அடுத்த சீசனுக்குத் தொடர்கிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்றார். எங்கள் எல்லோரிடமும் நீட்டிவிட்டுக் கடைசியில் கடுகு அம்மாவிடம் நீட்டினார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு துளி அசதி குறையவில்லை.

“அண்ணே, பேனா குடுங்க” என்றாள்.

கொடுத்தேன். பெயரை முழுசாக எழுதவில்லை. பொட்டலத்தின் பட்டை மேல் போடும் அதே இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.