மைத்துனர் பெயரில் வந்தவை

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் தொடக்கத்தில், மின்மடல் வழியே பரவும் அந்த வைரஸ் புழு கம்ப்யூட்டர்களுக்குள் வந்தது. அதன் பெயரை எழுத எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. முதலில் வந்ததற்கு ஏ என்று அடையாளம் வைத்தார்கள். அதையே சற்று மாற்றி எழுதிப் பரப்பியதற்கு பி. பிறகு சி, டி. நாளிதழில் புதிய எழுத்து வரும்போதெல்லாம் விரல் விட்டு எண்ணுவேன். இரண்டு மாதம் போல ஆனபோது இசட்டைத் தாண்டி இரட்டை எழுத்துக்குப் போயிருந்தது. வேறொரு புழுக் குடும்பத்தோடு அதற்குச் சண்டை என்றும், ஒன்றுக்குள் மற்றொன்றைத் திட்டி எழுதியிருக்கிறார்கள் என்றும் படித்தேன். யார் எழுதுகிறார்கள், எதற்காக என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

அந்த நாட்களில் என் மனைவியின் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது.

செங்கல்பட்டில் பார்த்த மருத்துவர் சதையை எடுத்துச் சோதித்து, புற்றுநோய் என்று என்னிடம் மட்டும் சொன்னார். மார்பையே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். அவளிடம் கொழுப்புக் கட்டி என்று சொல்லிவைத்தேன். அவளுடைய தம்பி அமெரிக்காவில் மருத்துவர். விடுமுறையில் வந்திருந்தவர், சோதித்த சதை ஒட்டிய கண்ணாடிச் சில்லைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார்.

"அங்க பெரிய டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டிட்டு மெயில் போடறேன் மாமா. போன் பண்ணா அக்காதான் எடுக்கும்."

அணுமின் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அணுபுரம் குடியிருப்பை விட்டு மாமல்லபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் ஒரு பிரௌசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர்கள். செருப்போடு போனால் வைரஸ் வரும் என்று நம்பி எல்லோரும் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போவோம்.

மூன்றாம் நாளே மைத்துனர் பெயரில் மடல் வந்தது. 'உங்கள் ஆவணம் இணைக்கப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. இணைப்பின் மேல் அம்புக்குறியை வைத்தேன்.

"சார்! கைய எடு சார்!" கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். "அத தொறக்காத. உள்ள வைரஸ் கீது."

"என் மச்சினன் அனுப்பினது."

"அவரு பேரு கீது, அவரு அனுப்பல. உன் அட்ரஸும் அவரு அட்ரஸும் வெச்சிகினு எவனோ ஒருத்தன் கீறான் பாரு, அவன் கம்ப்யூட்டர்ல பூந்துகினு அனுப்புது. அவனுக்கே தெரியாது."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஓட்டல் ஆள் சிரித்தார். "விடு அண்ணாத்த, பெருசுக்கு எவளோ லெட்டர் போடறா."

எங்கள் இருவர் முகவரியும் வைத்திருப்பவர்களை இரவு முழுதும் எண்ணினேன். ஒன்பது பேர். அந்த ஒன்பது வீடுகளில் ஏதோ ஒன்றில் இருந்துகொண்டு, முகமே இல்லாத ஒன்று மைத்துனர் பெயரில் எனக்கு எழுதுகிறது. கூடத்தில் சின்னச் சத்தம் கேட்டாலும் திடுக்கிட்டேன்.

மறுநாள் பதினான்கு மடல்கள். அடுத்த நாள் முப்பத்தொன்று. பாதி மைத்துனர் பெயரில். தலைப்புகள் வேறு வேறு: விவரம், எச்சரிக்கை, பதில். நிஜமான பதிலும் இப்படித்தானே தலைப்போடு வரும்? ஒவ்வொன்றையும் அழித்தேன். அழித்த பிறகு, இது அவர் எழுதியதாகவே இருந்துவிட்டால் என்று தோன்றும். அதனால் குப்பைப் பெட்டியைக் காலி செய்யவே இல்லை. தினமும் அதையும் திறந்து, தலைப்புகளை முதலிலிருந்து வாசிப்பேன். பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து இரண்டு முறை அவரை அழைத்தேன். பதிவு செய்த குரல்தான் பேசியது. அந்த இயந்திரத்திடம் 'கேன்சரா, இல்லையா?' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அறுவைக்கு இரண்டு நாள் இருந்தது. புதன்கிழமை போனபோது புதிதாக ஒரு மடல்கூட இல்லை. புழுவும் இல்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"மெயில் பொட்டி ரொம்பிகினு கீது சார். இதுக்கு மேல எதுவும் உள்ள வராது."

"எல்லாத்தையும் அழிச்சிட்டேனே?"

"குப்பைய எவன் கொட்டறது? அதுவும் கணக்குதான். இன்னா சார் நீ, குப்பைய சேத்து வெச்சிகினு பூஜையா பண்ற?"

அவரே அழுத்திக் காலி செய்தார். நூற்று இருபத்தாறு மடல்கள். ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடல் எதுவும் வரவில்லை.

வீட்டில் மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி போன் பண்ணான்," என்றாள். "நாலு தரம் எழுதினானாம். உங்க பெட்டி ரொம்பிடுச்சுன்னு நாலும் திரும்பிடுச்சாம்."

நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"கேன்சர்தானாம். முழுசா எடுக்க வேணாம், கட்டிய சுத்தி எடுத்து, அப்புறம் ரேடியேஷன் கரண்டு வெச்சா போதும்னு சொல்றாராம் அந்த டாக்டர். தள்ளிப்போட மட்டும் கூடாதாம்." ஒரு புடவையை உதறி மடித்தாள். "கொழுப்புக் கட்டின்னு எத்தன நாளு சொல்றதா இருந்தீங்க?"

நாட்களின் எண்ணிக்கை எனக்குத் தெரியும்.

மைத்துனரே செங்கல்பட்டு மருத்துவரோடு பேசினார். கட்டியை மட்டும் எடுத்தார்கள். மைத்துனர் பெயரில் அந்தப் புழு அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் வந்தது. திறக்காமல் அழித்தேன், குப்பையையும் உடனே கொட்டினேன். மனைவிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. முடிவு எதுவானாலும் தன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று மருத்துவரிடமும் தம்பியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பரிசோதனை முடிந்த வாரங்களில் போன் அடித்தால் நான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன். மணியை எண்ணுவேன். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுப்பாள். "ம், சொல்லு," என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.