மூடாத அடைப்புக்குறி

இரண்டு ஓரமும் துளையிட்ட பிரிண்டர் தாள் ஒன்று இன்னும் என் பீரோவில் கிடக்கிறது. அதில் ஒரே வரி: ‘நாட் ஃபவுண்ட்’. தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் நான் புரோகிராம் எழுதிய கம்ப்யூட்டர் சென்டரின் மேனேஜர், தன் மேதைமைக்குச் சாட்சியாக விட்டுச்சென்றது அது ஒன்றுதான்.

ராகுகாலம் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் போடமாட்டார். மானிட்டர்மேல் வைக்கும் எலுமிச்சம்பழத்தைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் வைப்பார். தேடுவதற்குத் தான் அடிக்கும் பேட்டர்னை மட்டும் சோதிக்கமாட்டார். ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதால், எல்லா விதங்களையும் அடைப்புக்குறிக்குள் அடக்கி ஒரே பேட்டர்னாகத் தேடுவோம். ஒரு குறியை மூட மறந்தாலும் அது செல்லாது, தேடலே நடக்காது. அது செல்லுமா என்று முதலில் பார்த்துச் சொல்ல நான் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். பார்த்ததும் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் அடிச்சத மெஷின் சரிபாக்குறதா? பார்ட்டி முன்னால எரர்னு வந்தா மானம் போயிரும். எது வந்தாலும் நாட் ஃபவுண்டுனு காட்டச் சொல்லும்மா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை. அப்படியே மாற்றிக் கொடுத்தேன்.

ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியர் நேர்காணலுக்குத் தேர்வானவர்களின் பட்டியல் எங்களிடம் இருந்தது. நாச்சியாபுரத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு கேட்க வந்தாள். மறுநாள் காலை நேர்காணல். மேனேஜர் விறுவிறுவென்று அடித்தார். கண் இமைக்குமுன் ‘நாட் ஃபவுண்ட்’ என்று பதில் வந்தது. அந்தக் கிழட்டு மெஷினுக்கு முழுப் பட்டியலையும் தேட அரை நிமிடமாவது ஆகும். தேடலே நடக்கவில்லை என்று எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கவில்லை.

“இன்னொரு தடவ பாத்துச் சொல்றீகளா சார்? அப்பா வயல் வேலையப் போட்டுட்டு வந்திருக்காக.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா” என்று பதிலை அச்சடித்துத் தாளைக் கிழித்து நீட்டினார். அவள் அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, அவர் அடித்ததை எடுத்துப் பார்த்தேன். கடைசிக் குறியை மூடவே இல்லை. மூடித் தேடினேன், அவள் பெயர் இருந்தது.

“இன்டர்வியூதான் முடிஞ்சுபோச்சே, விடும்மா” என்றார், எலுமிச்சம்பழத்தை மாற்றிக்கொண்டே.

தேடினேன், இல்லை என்பது ஒரு பதில். தேடவே இல்லை என்பது வேறு பதில். இது தெரியாத ஒருவர் மேனேஜராக இருந்தார் என்று இன்றும் அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்கிறேன். என்னிடம் வேலை பார்ப்பவர்கள் பேட்டர்னைச் சோதிக்காமல் தேடினால் விடமாட்டேன். பீரோவைத் திறக்கும்போது மட்டும் சிரிப்பு வருவதில்லை. குறியை மூடாதவர் அவர்தான். தாளில் இருக்கும் அந்த ஒரு வரியை எழுதியது நான்.