சொல்லிக் கொடுத்த பதில்கள்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது என் கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் அவர்களுக்கு இது புதிய செய்தியில்லை. திருப்பூரில் பனியன் தைக்கிற எந்தக் கட்டடத்தையும் கம்பெனி என்றுதான் சொல்வோம். என்னுடையதும் அப்படி ஒன்று, ராயபுரத்தில் ஒரு சந்துக்குள், கீழே கட்டிங், மேலே தையல். மாடிப்படி ஏறும்போதே முதலாளி கத்த ஆரம்பித்துவிடுவார் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அது பொய். சரக்கு அனுப்பும் தேதி நெருங்கினால் கேட்டிலேயே ஆரம்பித்துவிடுவேன்.

என் அப்பாவும் இப்படித்தான். அவர் கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கக்கூட நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். எழுந்து அடிக்க முடியாத மனிதருக்கு அவ்வளவு பயந்தோம். அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்தான் நான். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, என் வண்டிச் சத்தம் கேட்டதும் என் மகள் டிவியின் ஒலியைக் குறைப்பதைக் கதவு வழியாகப் பார்த்தேன். யாரும் அவளைக் குறைக்கச் சொல்லவில்லை. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மச்சான் தன் குருவான சாமியைப் பார்க்கக் கூப்பிட்டபோது மறுப்புச் சொல்லாமல் போனேன். அதுவரை குரு என்ற பேச்சை எடுத்தாலே நான் கிண்டல் செய்வேன். கும்பிட முருகன் இருக்கும்போது நடுவில் எதற்கு ஒரு ஏஜென்ட் என்று கேட்பேன். எங்கள் ஊரில் ஏஜென்ட் இல்லாமல் ஒரு கிலோ நூல்கூட நகராது என்பது வேறு விஷயம்.

சாமி என்னைவிட வயதில் சின்னவர். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டுப் பொங்கலூர்ப் பக்கம் தன் தோட்டத்திலேயே இருக்கிறார். காவி கிடையாது, தாடி கிடையாது. வேட்டி, அரைக்கைச் சட்டை. எங்கள் பக்கம் பெரியவர்களைத்தான் சாமி என்போம். சின்னவர் ஒருவரைச் சாமி என்று கூப்பிட எனக்குக் கொஞ்ச நாள் நாக்கு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்னந்தோப்புக்குள் ஒரு தகரக் கொட்டகையில் உட்காருவோம். பேச்சு அதிகம் இருக்காது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, முடிவில் அவர் ஒவ்வொருவரிடமும் வந்து ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்விதான், அதையேதான் வாரா வாரம் கேட்பார். எனக்கானது, “கோபம் எப்படிங்க இருக்குது?”

முதல் வாரம், “நல்லா இருக்குதுங்க” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்தடுத்த வாரங்களிலும் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். செக்கிங் சூப்பர்வைசரை அழவைத்ததைச் சொன்னேன். தைத்த பீஸ்களின் கட்டைத் தூக்கி எறிந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். அந்தக் கொட்டகையில் சில காலைகளில் எனக்குள் ஒரு அமைதி வந்ததும் உண்மை. மனதுக்குள் யாரோ மெஷினை நிறுத்தியதுபோல் இருக்கும். அதற்காகத்தான் போனேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

ஒரு வாரம், பரவாயில்லாமல் போன ஒரு வாரம், “குறைஞ்சிருக்குதுங்க சாமி” என்றேன். அவர் தலையசைத்தார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்தத் தலையசைப்பு எனக்கு என்ன செய்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அனுப்பிய சாம்பிளைச் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஓகே செய்துவிட்டால் வருகிற சந்தோஷம், அதே சந்தோஷம். அடுத்த வாரம் குறையவில்லை. ஆனாலும் குறைந்திருக்கிறது என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தது. அப்படிக் குறைந்திருந்தால் இந்நேரம் நான் மகானாகியிருக்க வேண்டும்.

தீட்சை என்று ஒன்று உண்டு. ஆள் பக்குவப்பட்டுவிட்டார் என்று தோன்றினால் சாமி அவர் காதில் ஒரு சொல்லைச் சொல்லி, அதை வைத்துத் தியானம் செய்யும் முறையையும் சொல்லிக் கொடுப்பார். எனக்குப் பிறகு வந்த ஒரு நூல் ஏஜென்டுக்கு அது கிடைத்துவிட்டது. அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் நூலின் கவுன்ட்டை, அதாவது கனத்தை, மாற்றிச் சொல்கிற ஆள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் மச்சானிடம் கத்திக்கொண்டே வந்தேன். கோபம் போனதற்கான தீட்சை கிடைக்கவில்லையே என்று கோபப்பட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிறு, வழக்கம்போல் குறைந்துவிட்டதென்று நான் சொன்னதும் சாமி, “ரொம்ப சந்தோசமுங்க. ஒரு நாளைக்கு உங்க கம்பெனிக்கு வர்றேன். அங்கயே வெச்சு உங்களுக்குத் தீட்சை குடுத்தர்லாம்” என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கே மேனேஜரைக் கூப்பிட்டு, “சாமி கம்பெனியப் பாக்க வர்றாருங்க. எல்லாம் சரியா இருக்கோணும்” என்று சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

மேனேஜர் எங்களிடம் பல வருடமாக இருக்கிறவர். ‘கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள்’ என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். வெளிநாட்டு பையர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்னால் ஆள் அனுப்பிச் சோதிப்பார்கள். அதற்கு ஆடிட் என்று பெயர். வருகிற ஆடிட்டர் தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். முதலாளி திட்டுவாரா, கெட்ட வார்த்தை பேசுவாரா, குறை சொல்ல வழி இருக்கிறதா என்று கேட்பார். அதனால் முன்கூட்டியே எல்லாரையும் உட்கார வைத்து என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிடுவோம். செய்யாத கம்பெனியும் இருக்கலாம். நாங்கள் செய்வோம்.

ஆக, சாமி வருகிறார் என்றதும் ஆடிட்டுக்குச் செய்வதுபோலவே தரையில் நடைவழி காட்டும் மஞ்சள் கோடு புதிதாக அடிக்கப்பட்டது. முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் வந்தன. அன்றைக்கு என் மனைவி எதற்கோ கம்பெனிக்கு வந்திருந்தாள். “ஏனுங்க, சாமி வர்றதுக்கு எதுக்குங்க மஞ்சக் கோடு அடிக்கறாங்க?” என்று கேட்டாள். “உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம ஊட்டுக்குப் போ” என்று எரிந்து விழுந்தேன். அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

மத்தியான சாப்பாடு முடிந்து மேனேஜர் தையல்காரர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதை என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தடுக்கலாம் என்று எழுந்தேன், வெளியே போனேன். “வர்றவர் சாமிங்க, ஆடிட்டர் இல்லீங்க” என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அருகில் போனதும் வாயில் வந்தது வேறு. “அவரு என்னோட கோபத்தப் பத்தித்தான் கேப்பாரு. அதையும் கொஞ்சம் சொல்லி வெச்சுருங்க” என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கும்போது முதுகு கூசியது. முழுப் பொய்யா இது, உண்மையிலேயே கொஞ்சம் குறையத்தானே செய்திருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சாமி வந்தார். சாம்பிள் ரூமைக் காலி செய்து பாய் விரித்து விளக்கேற்றி வைத்திருந்தோம். மனைவி பட்டுச்சேலையில் பழத் தட்டோடு நின்றாள். அவர் நேராக அங்கே போகாமல் தையல் லைன் பக்கம் திரும்பினார். மெஷின்களை நிறுத்தச் சொல்லியிருந்ததால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் மெஷினில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. சாமி அவளிடம் குனிந்து, “சாப்ட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். “மொதலாளி ரொம்ப அமைதியானவருங்கய்யா. கோவப்பட மாட்டாரு. கெட்ட வார்த்தை பேச மாட்டாரு. ஏதாச்சும் கொறை இருந்தா பொட்டியில எழுதிப் போடலாங்கய்யா” என்றாள். ஒரே மூச்சில், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சாமிக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பக்கத்தில் அயர்ன் டேபிளில் நின்ற வடக்கத்தி ஆளைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கத்தான் செய்தார், ஒன்றும் கேட்கவில்லை. “ஓனர் அச்சா. கோபம் நை. பொட்டி இருக்கு” என்று அவன் ஒப்பித்தான். லைன் கடைசியில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேனேஜர் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். பாவம், அவர் வேலையை அவர் சரியாகச் செய்திருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாமி வேறு யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் சாம்பிள் ரூமுக்குள் வந்து பாயில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

“தப்பு என்னுதுங்க” என்றார். “வாரா வாரம் கோபம் எப்படி இருக்குதுன்னு கேட்டுக் கேட்டு, உங்களுக்கு நான் ஆடிட்டர் ஆயிட்டனுங்க. காலேஜுல பாடம் நடத்துன பழக்கம் போகல, பரீட்சை வெக்காம இருக்க முடியல. பாஸ் பண்ணுனாத்தான் தீட்சைன்னு நெனச்சா யாரா இருந்தாலும் பாத்துத்தானுங்க எழுதுவாங்க.”

“இல்லீங்க சாமி” என்று ஆரம்பித்தேன்.

“இனிமே நான் கேக்க மாட்டனுங்க. நீங்களா சொல்லோணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. தீட்சை வேணும்னா இப்பவே சொல்லித் தர்றேன், அதுக்கு ஒண்ணும் தகுதி பாக்க வேண்டீதில்ல. இல்லீங்க, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்னாலும் சரிதானுங்க.”

எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்தார் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. இன்னொரு நாளைக்கு என்று சொல்லியிருந்தால் கொஞ்சமாவது மானம் மிஞ்சியிருக்கும். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது நூல் ஏஜென்டின் முகம். ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எல்லாரும் விசாரிப்பார்களே என்ற நினைப்பு. “இப்பவே குடுத்துருங்க சாமி” என்றேன். மனைவி தலையைக் குனிந்து தட்டிலிருந்த பழங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

கொடுத்தார். நெற்றியில் திருநீறு பூசி, காதருகே குனிந்து, அந்தச் சொல்லைச் சொன்னார். அது என்ன சொல் என்று நான் எழுதக் கூடாது. அது காதில் விழுந்தபோது எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்பதை எழுதலாம். வெளியில் அந்த அம்மா சொன்னதை யார் யார் கேட்டிருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் ஏங்கிக் கிடந்த ஒன்றை, பந்தியில் இலையைப் பிடித்து இழுத்துச் சாப்பிடுகிறவன்போல் வாங்கிக்கொண்டேன். அவர் குரலில் மட்டும் ஒரு குறையும் இல்லை. தகுதியுள்ள ஒருவனுக்குச் சொல்வதுபோலவே அவ்வளவு கனிவாகச் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது மறுபடியும் லைன் வழியாகத்தான் போக வேண்டும். நான் வேகமாக முன்னால் நடந்தேன். பின்னால் அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் முதல் மெஷின் அருகில் அவர் நின்றிருந்தார். அந்த அம்மாவைக் கைகூப்பிக் கும்பிட்டு, “மன்னிச்சுக்குங்க தாயி. நான் வர்றேன்னு உங்கள என்னென்னமோ சொல்ல வெச்சுட்டோம்” என்றார்.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நிற்பதா, உட்காருவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் துணியைக் கையில் பிடித்துக்கொண்டே தவித்தாள். இப்படி ஒருவர் மன்னிப்புக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவள் மேனேஜரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி மட்டும் இல்லை, பயம் இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டால் சாமி போன பிறகு என்ன நடக்கும் என்கிற பயம்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லம்மா என்று சொல்லியிருக்கலாம். நானும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். இதெல்லாம் பிறகுதான் தோன்றியது.

“பரவால்லீங்கன்னு சொல்லும்மா” என்றேன்.

“பரவால்லங்கய்யா” என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சாமி என் பக்கம் திரும்பவில்லை. கூப்பிய கையை இறக்கிவிட்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார். அவர் என் காதில் சொன்ன சொல்லை நான் இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்த்திருக்கவில்லை. அதற்குள் அவளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்து என் பாடத்தை நான் நடத்தி முடித்துவிட்டேன். வெட்கத்தில் எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அது என் கம்பெனி, எல்லாரும் நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.