இரண்டு பெட்டியில் மூன்று வீட்டுத் தண்ணீர்: பூம்பாறை, மாசி மாதம்

தப்பான காரணம் சொல்லி ஒருவர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துகொண்டிருந்தால், அந்தக் காரணத்தைத் திருத்துவது நல்லதா? எனக்குப் பதில் தெரியவில்லை. பதிலுக்காக இந்தப் பதிவைப் படிக்க வேண்டாம். பூம்பாறைக்கு எப்படிப் போவது என்பது மட்டும் இதில் சரியாக இருக்கும்.

மதுரையில் ஒரு கல்லூரியில் மின்பொறியியல் நடத்துகிறேன். எங்கள் ஆய்வகப் பணியாளர் முருகேசனின் அக்கா பழனியம்மாள் பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கிறார். மோட்டார்த் தகராறில் அவருக்கு இரண்டு வாரமாகத் தண்ணீர் இல்லை. "மேடம், ஒரு எட்டு போய்ப் பாத்துச் சொல்லுங்க" என்றார் முருகேசன். மாசி இரண்டாவது சனிக்கிழமை கிளம்பினேன்.

ஆரப்பாளையத்தில் காலை 5.45 பேருந்து. வத்தலக்குண்டில் பத்து நிமிடம் நின்றது, பெருமாள்மலை 9.20, கொடைக்கானல் 9.45. ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பூம்பாறைப் பேருந்து 11 மணிக்கு. 18 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. வலப்பக்கம் உட்காருங்கள் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். அன்று பனிமூட்டம், எந்தப் பக்கமும் ஒன்றும் தெரியவில்லை.

ஊரிலிருந்து ஓடைக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் இறக்கம், நடைதான். ஓடைக்கரையில் பழனியம்மாள் வீட்டையும் சேர்த்து மூன்று வீட்டுக்குப் பொதுவாக ஒரு பழைய மோட்டார். மூடிப்போன எஸ்டேட் ஒன்றிலிருந்து வாங்கியது. அதற்கு 220 வோல்ட் மும்முனை மின்சாரம் வேண்டும். வருவதோ நானூறு. வண்டி போகாத பாதை என்பதால் பெரிய மும்முனை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் சிறிய ஒருமுனை டிரான்ஸ்ஃபார்மர்கள் மூன்றைக் கம்பில் கட்டித் தூக்கி வந்து, முக்கோணமாக இணைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தாங்கும் சுமை 5 கேவிஏ. ஊர் வழக்கப்படி வீட்டுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர்; பெட்டி என்பார்கள். தண்ணீரும் தினம் வீட்டுக்கு இரண்டு மணி நேரம். எரிந்தது பழனியம்மாள் பெட்டி.

மூன்று வீட்டில் ஒருவரான பக்கத்து வயல் தங்கராசு, பழனியம்மாளுக்குத் தண்ணீர் கிடையாது என்று பிடிவாதமாக இருந்தார். "மூணு பொட்டி, மூணு கரண்டு, மூணு வீடு. இவுக பொட்டி எரிஞ்சுபோச்சு, இவுக கரண்டு இல்ல. அம்புட்டுதேன்."

"அப்ப மோட்டார் எப்படிங்க ஓடுது?" என்றேன்.

"எங்க ரெண்டு வீட்டுக் கரண்டுல ஓடுது."

"ஆமாண்ணே, கரண்டுல ஒங்க பேரு எழுதிக் கெடக்கு!" என்றார் பழனியம்மாள்.

மீட்டரை வைத்து மூன்று கம்பிகளுக்கும் இடையே அளந்து காட்டினேன்: 226, 229, 227. முக்கோணத்தில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டாலும் மூன்று முனைகளும் இருக்கும். அதனால் இரண்டு பெட்டியே மூன்று முனைக்கும் மின்சாரம் தரும், அதில் யாருடையது என்று பிரிக்க முடியாது என்றேன். தங்கராசு மீட்டரை வாங்கி அவரே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, இவுகளும் எறைச்சுக்கட்டும்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மோட்டார் இழுப்பது 10 கேவிஏ. இரண்டு பெட்டி தாங்குவது பத்து அல்ல, 8.66. முன்பு ஒவ்வொரு கம்பியின் மின்னோட்டத்தையும் இரண்டு பெட்டிகள் பகிர்ந்துகொண்டன; இப்போது ஒவ்வொரு பெட்டியும் ஒரு கம்பியின் மின்னோட்டத்தை முழுசாகச் சுமக்கிறது. இதையும் சொன்னேன்.

"அஞ்சும் அஞ்சும் பத்துன்னுதேன் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாக. காலேசுல எட்டரையா?" என்றார் தங்கராசு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதுவரை நான்கு மணி நேரத்தோடு மோட்டார் நின்றதால் பெட்டிகள் சுட்டு, ஆறி, தப்பித்திருந்தன. ஆறு மணி நேரம் ஓடினால் சுமையைக் குறைத்தே ஆக வேண்டும். தண்ணீர்க் குழாயின் வால்வைக் கொஞ்சம் மூடினால் மோட்டாரின் இழுப்பு குறையும். மூடிப் பார்த்து, மின்னோட்டத்தை அளந்து, வால்வில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். இதைத் தாண்டித் திறக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். புதுப் பெட்டியைக் கோவையில் சொல்லிச் சுற்ற வைக்க ஒரு மாதமாகும். பூண்டு பருக்க இருப்பது மூன்று வாரம்.

அன்று பழனியம்மாள் வீட்டிலேயே தங்கினேன். சரியான கணக்கைச் சொன்னால் மனிதர்கள் சரியாக நடப்பார்கள் என்று இருபத்து மூன்று வருடமாக வகுப்பில் நம்பியிருக்கிறேன். வகுப்பில் யாருடைய பயிரும் காய்வதில்லை.

போகிறவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் மலையேற இ-பாஸ் எடுங்கள், பேருந்துக்கு வேண்டியதில்லை. மாசியில் கம்பளி அவசியம். ஓடைப்பாதை வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். மதியச் சாப்பாடு ஊருக்குள் இரண்டு மணிக்கு மேல் கிடைக்காது.

மறுநாள் ஞாயிறு. ஆறிலிருந்து எட்டு வரை தங்கராசு, எட்டிலிருந்து பத்து வரை மூன்றாம் வீட்டுக்காரர். இருவரும் கோட்டைத் தாண்டவில்லை. நான் அங்கேயே நின்றேன். பத்து மணிக்குப் பழனியம்மாள் முறை. அவருடைய ஆறு பாத்திகளும் மேலே இருக்கின்றன, தண்ணீர் நூலாகத்தான் ஏறியது. நான் டீ குடிக்க ஊருக்குள் போன நேரம் அவர் வால்வை முழுக்கத் திறந்திருக்கிறார். "ரெண்டு வாரமாக் காஞ்சு கெடக்கு மேடம், வெரசாப் பாயட்டும்னு நெனச்சேன்" என்றார். 11.10க்குத் தங்கராசுவின் பெட்டி புகைந்து நின்றது. அப்போது இரண்டு பாத்தி நனைந்திருந்தது. தங்கராசு யாரையும் திட்டவில்லை. ஒரு பெட்டியை வைத்து மும்முனை மோட்டாரை ஓட்ட முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியாது என்றேன். மூன்றரை மணிக்கு மூன்றாம் வீட்டுக்காரரும் அவர் மைத்துனரும் மிச்சமிருந்த பெட்டியைக் கழற்றி, கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.