திரையில் தெரிந்த கை

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வங்கியில் எழுதுவினைஞனாக இருந்தேன். வந்து ஒரு வருடமாகியும் மனம்விட்டுக் கதைக்க ஒருவரும் இல்லை. மதியத்தில் மற்றவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். நான் எதிரே இருந்த கடையில் சோற்றுப் பார்சல் வாங்கி வந்து பின்னறையில் சாப்பிடுவேன். பார்சல் கட்டிய நூலை எறிய மனம் வராது. இடக்கை விரலில் மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பேன். வாய்க்குத்தான் வேலையில்லை, கைக்காவது இருக்கட்டுமே. சேர்ந்த நூலை உருண்டையாக்கிக் கடை முதலாளியிடம் திருப்பிக் கொடுப்பேன். கிண்ணியாக்காரரான அவர் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பார். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அந்த நாளில் எங்கள் வங்கியில் ஒரு தமிழ்ப் படம் எடுக்க வந்தார்கள். பங்கு வியாபாரத்தில் பணக்காரனாகும் ஒருவனின் கதை முதலாவது படமாக வந்து ஓடியிருந்தது. இது இரண்டாம் பாகம். பணம் இருக்கிறது, பக்கத்தில் ஆளில்லை என்பது கதை. படப்பிடிப்புக்காக ஞாயிற்றுக்கிழமை வங்கிக் கதவு திறந்துவிட ஒருவர் வேண்டும். “உமக்குக் குடும்பம் இல்லைத்தானே, நீர் நில்லும்” என்றார் மனேஜர். அந்த வார்த்தை சுட்டது. வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

அந்த ஞாயிறு மதியம் வழக்கம்போலப் பின்னறையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் டைரக்டர். கதாநாயகன் முதல்நாளே கொழும்பு றெயிலில் போய்விட்டாராம். தனியே சாப்பிடும் காட்சிக்குக் கை மட்டும் போதுமாம்.

“நீங்கள் சாப்பிடுங்கோ. நாங்கள் இஞ்ச இல்லை எண்டு நினையுங்கோ.”

அது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. கதாநாயகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, தினமும் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டு நூலைச் சுற்றினேன்.

சில மாதங்களில் படம் திருகோணமலைத் தியேட்டருக்கு வந்தது. எழுதி வைத்த ராஜினாமாக் கடிதம் இன்னும் கொடுக்காமல் வங்கி மேசையின் இழுப்பு லாச்சியில் கிடந்தது. தனியாகவே போய்ப் பார்த்தேன். என் கை பெரிதாகத் திரையில் நூல் சுற்றியது. பக்கத்தில் இருந்தவர், “என்ன நடிப்பு பாத்தியே” என்று நண்பரிடம் சொன்னார். அது என் கை என்று சொல்ல வாயெடுத்தேன். யாரிடம் சொல்வது? கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பார்சல் வாங்கப் போனேன். முதலாளி பார்சலைத் தராமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ராத்திரிப் படத்தில அது நீங்கதானே தம்பி?”

நான் தலையாட்டினேன்.

“நீங்க தாற உருண்டை மாதிரியே நூல் சுத்தினதக் கண்டதும் விளங்கிட்டு. ஒரு வருசத்துக்கு மேல பார்சல் கட்டித் தாறன், நீங்க எப்பிடித் தின்னுறீங்க எண்டு நான் யோசிக்கல்லையே. வாற ஞாயிறு எங்கட மகள்ட கலியாணம். கட்டாயம் வரணும்.”

வள்ளத்தில் கடலைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது அவர்களுடைய வழக்கம். முன்பின் தெரியாத கைகள் எல்லாம் நல்ல இறைச்சித் துண்டுகளாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டன. “வெக்கப்படாம தின்னுங்க” என்று முதலாளி தோளைத் தட்டினார். அன்று என் விரலுக்கு நூல் தேவைப்படவில்லை. மறுநாள் வங்கிக்குப் போனதும் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன்.

அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், நூல் சுற்றும் நடிப்பை இன்றும் புகழ்வார்கள். நான் திருத்துவதில்லை. எத்தனையோ பேர் நடிப்பென்று பார்த்துப் போன தனிமையை ஒரே ஒருவர் என்னுடையது என்று கண்டுகொண்டாரே, அது போதும் எனக்கு.