ஆட்டோவில் போன ஆட்டு மூளை

மலை, அருவி என்று எழுதும் இந்தப் பக்கத்தில் இந்த முறை பதினாறு கிலோமீட்டர் ஆட்டோ பயணம்தான். கால்நடை மருத்துவர் வேலையில் இப்படியும் ஒரு பயணம் அமையும்.

போன திங்கட்கிழமை விடிகாலையில், எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்தில், வழக்கமாக என்னிடம் வைத்தியம் பார்க்கும் ஸ்டெல்லாவின் ஆடு நுரை தள்ளி இறந்துபோனது. முந்தைய நாள், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து அதன் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறாள். வெறிநாய் கடித்து ஆட்டுக்கு வந்த ரேபிஸாக இருக்குமோ என்று உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டாள். பயம் மட்டும் போகவில்லை. கைக்குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டாள். தூக்கலாம், பால் கொடுக்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "ரிசல்ட்டு வரட்டும் டாக்டரம்மா" என்றாள்.

மூளையில் மாதிரி எடுத்து, கசியாமல் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்தேன். மாதவரம் பக்கம் ஓர் ஆய்வகத்துக்கு அன்றே காலை பத்து மணிக்கு இருவரும் கிளம்பினோம். ஆட்டோ ஓட்டுநர் பாஸ்கர் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னா மேடம், வஞ்சிரமா?"

"ஆட்டு மூளை."

"வறுவலுக்கா?"

அன்று முதன்முறையாக ஸ்டெல்லா சிரித்தாள். பிறகு அவளே கதை முழுவதையும் அவரிடம் சொன்னாள்.

எண்ணூர் சாலையில் விம்கோ நகர் அருகே கன்டெய்னர் லாரிகள் முக்கால் மணி நேரம் நகரவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. சூடேறினால் மாதிரி கெட்டுவிடும் என்றேன். பாஸ்கர் இறங்கிப் போய், மீன் விற்கும் அம்மாவிடமிருந்து ஒரு பை ஐஸோடு வந்தார். "இந்தம்மா தன் புள்ளைய தூக்க பயந்துகினு கீதுன்னேன் மேடம். காசே வாங்கல."

கிருமி இருந்தால் ஒளிரும் சாயச் சோதனையில், கிருமி இல்லை என்று அன்று மாலையே தெரிந்தது. அதை உறுதிசெய்ய, ஆய்வகத்தில் வளர்க்கும் நரம்புச் செல்களில் மாதிரியைச் சேர்த்து, வைரஸ் பெருகுகிறதா என்று பார்ப்பார்கள்.

"அதை நம்பலாமா?" என்றாள் ஸ்டெல்லா.

"முன்னெல்லாம் மாதிரிய எலிக்கு ஊசியில ஏத்தி வாரக்கணக்கா காத்திருப்போம். இது சில நாள்தான். மாதிரி கெடாம வந்தா தாராளமா நம்பலாம். அழுகியிருந்தா வைரஸ் செத்திருக்கும். அப்ப இல்லைன்னு வந்தாலும் நம்ப முடியாது" என்றார் ஆய்வக அதிகாரி.

"எங்குளுது எப்டி கீது?"

"நல்லா ஜில்லுனு இருக்கும்மா."

இப்படிப் போக நேர்ந்தால்: கடியோ எச்சிலோ பட்ட இடத்தை சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். மாதிரியைக் கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஐஸ் தாராளமாக வையுங்கள். எண்ணூர் சாலையை நம்பாதீர்கள். ஆட்டோவுக்கு நானூறு ரூபாய்.

வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்தது. செல்களிலும் வைரஸ் இல்லை. உடனே ஸ்டெல்லாவுக்குச் சொன்னேன். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டபோது கிசுகிசுத்தாள்: "மெதுவா பேசுங்க டாக்டரம்மா. புள்ள என் மேல தூங்கிகினு கீது."