பதில் எழுதவும்

மெத்தைக் கம்பெனியில் அவளுக்கு ‘வருந்துகிறோம் அக்கா’ என்று பெயர். முதுகு வலிக்கிறது, பஞ்சு கட்டி தட்டிவிட்டது, ஓரம் பள்ளமாகிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் எழுதும் புகார்களுக்கெல்லாம் பதினான்கு வருடமாக அவள்தான் பதில் எழுதினாள். எல்லாப் பதிலும் ‘தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்றுதான் தொடங்கும். வீட்டில் சாப்பாட்டில் உப்பு கூடினால்கூட, ஒரு லெட்டர் போட்டுவிடச் சொல்லிக் கேலி செய்வார் கணவர்.

வேலையை விடுவதாக வருடத்துக்கு நாலு தடவையாவது முடிவெடுப்பாள். கணவர் தையல்காரர். ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுக்கொள்வார். போன தடவை மட்டும் வாயைத் திறந்தார்.

“விடறதுன்னா விட்டுடு. தினமும் கேட்டுக் கேட்டு, வேலையை விட்டது நான்தானோன்னு சந்தேகம் வந்துடுச்சு.”

அவளுக்குச் சம்பளத்திலும் குறை இல்லை, ஆடும் நாற்காலியும் பழகிவிட்டது. மேனேஜர் அவள் எழுதுவதைப் படிப்பதே இல்லை, அதுதான் குறை. கர்ப்பிணிக்கு ஒரு மாதிரி, ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறு மாதிரி என்று மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுவாள். மனிதர் போனில் பேசிக்கொண்டே பச்சை மையில் வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். சோதித்தும் பார்த்தாள். ‘எங்கள் மேனேஜருக்கும் இந்த மெத்தையில் தூக்கம் வருவதில்லை, ஆபீஸ் நாற்காலியில்தான் வருகிறது’ என்று ஒரு பதிலில் எழுதி வைத்தாள். அதற்கும் வால் முளைத்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

நேரே போய்ச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். காலமெல்லாம் புகாருக்குப் பதில் எழுதியவளுக்குப் புகார் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, வந்த வேகத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தாள். கூப்பிடுவார், காரணம் கேட்பார், என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்குப் புகார்க் கட்டு அவள் மேஜைக்கு வந்தது. நடுவில் அவளுடைய கடிதமும் இருந்தது. தலைப்பில் பச்சை மையில், எல்லாப் புகாருக்கும் போடுவது போலவே, ‘பதில் எழுதவும்’.

பற்றிக்கொண்டு வந்தது அக்காவுக்கு. எழுதச் சொன்னால் எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தாள். ‘தங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது’ என்று நாலே வரியில் ஒரு பதில் முடிந்தது. ஆனால் கை நிற்கவில்லை. இன்னொரு தாளில், ‘தாங்கள் போகக் கூடாது’ என்று தொடங்கினாள். கோபத்தோடு எழுதியவர்களைத் தன் கடிதத்தால் குளிர வைத்ததையும், மெத்தையைத் திருப்பி அனுப்பிய வாத்தியார் மறுபடி வாங்கிக்கொண்டதையும், தன்னைப் போல் ஒருத்தி கிடைக்க மாட்டாள் என்பதையும் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். எழுதும்போதே கண் கலங்கிவிட்டது.

இரண்டையும் கையெழுத்துக் கோப்பில் அடுத்தடுத்து வைத்தாள். மேனேஜர் ஒன்றில்தான் கையெழுத்துப் போட முடியும். எதில் என்று முடிவு செய்யவாவது படித்தாக வேண்டும். படித்துவிட்டு இரண்டாவதில் போட்டால் இருந்துவிடுவது என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, கோப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

மேனேஜர் யாரோடோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். முதல் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. இரண்டாவதுக்கு வந்ததும் பேனா நின்றது. புருவத்தைச் சுருக்கித் தாளை உற்றுப் பார்த்தார்.

“மை தீந்துடுச்சும்மா. வேற பேனா இருக்கா?”

கொடுத்தாள். அதிலும் வால் நீண்டது.

ஏற்றுக்கொண்ட கடிதத்தை முறைப்படி பதிவேட்டில் ஏற்றினாள். ஒரு மாதம் கழித்துப் போகலாம். மற்றதை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் நீட்டினாள். அவர் தையலை நிறுத்திவிட்டு, வரிக்கு வரி உதடு அசைய, கடைசி வரைக்கும் படித்தார்.

“உன் அருமை தெரிஞ்ச மனுஷனா இருக்காரே. இவரை விட்டுட்டா வரப் போறே?”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“கையெழுத்துதான் அவரோடது. எழுதினது நான்.”

கணவர் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.